அறியாமை என்ற சாக்கு

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். அதையொட்டி நடக்கும் கூட்டங்களிலும் வரும் பேட்டிகளிலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். இன்ஹேலர் என்ற அருமையான மருந்து கையில் இருக்கிறது, நம் சனங்கள்தான் அதைத் தொடர்ந்து எடுப்பதில்லை. 'பஃப் பழகிவிடும்' என்று பயப்படுகிறார்கள். இரண்டு மாதம் இழுத்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஊசிக்கும் நாட்டு மருந்துக்கும் ஓடுகிறார்கள். காரணம் அறியாமை, அலட்சியம், மூடநம்பிக்கை. ஆகவே விழிப்புணர்வு ஊட்ட வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மருத்துவர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை, வீட்டிலிருக்கும் படித்த பிள்ளை உட்பட, எல்லாரும் சொல்வது இதுதான்.

இந்தப் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. பழி முழுவதும் மூச்சுக்குத் திணறுகிறவர் தலையில் விழுந்துவிடுகிறது. எழுதிக்கொடுத்தவர், விற்றவர், வழங்க வேண்டிய அரசு, தூசியில் வேலைக்கு நிறுத்தியவர் என மற்ற எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். இந்த வட்டாரத்து மனிதர்கள் இன்ஹேலரை நிறுத்துவதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை, அவர்கள் இருக்கும் நிலையில் யார் இருந்தாலும் எடுக்கக்கூடிய முடிவுகள். நிலையை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் திருத்தப் பார்க்கிறோம். அதனால்தான் இத்தனை ஆண்டு விழிப்புணர்வும் விழலுக்கு இறைத்த நீராகிறது.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 கணக்குப்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் இது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். உலக ஆஸ்துமா வலையமைப்பு இந்திய நகரங்களில் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. மூச்சிரைப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு 'உனக்கு இருப்பது ஆஸ்துமா' என்று எந்த மருத்துவரும் சொல்லவே இல்லை என்கிறது அது. சொல்லப்பட்டவர்களிலும் நோயைக் கட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நோயின் பெயரே தெரியாமல், 'வீசிங்' என்றும் 'இளைப்பு' என்றும் சொல்லி ஊசி போட்டு அனுப்பப்பட்டவர் எதை விட்டுவிட்டார்? கைக்கே வராத மருந்தை ஒருவர் நிறுத்த முடியாது.

சரி, கைக்கு வந்தும் நிறுத்தியவர்கள்? அதற்கு அறியாமைதான் காரணம் என்றால், அந்த அறியாமை எல்லா நோய்களிலும் வெளிப்பட வேண்டும். இதே வட்டாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிகள் சாப்பாட்டுக்கு முன் சுகர் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின் பிரஷர் மாத்திரை என்று வரிசை தவறாமல் போடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வந்தன. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்கு மருந்தை விடாமல் எடுக்க வேண்டுமானால், மருந்து ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பதை நம் அரசே செயலில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சுகருக்கு ஒப்புக்கொண்ட உண்மையை ஆஸ்துமாவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

படிப்பறிவுதான் மருந்தைத் தொடர வைக்கும் என்றால் பணக்கார நாடுகளில் இந்தப் பிரச்சினையே இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்கிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வந்தது. எல்லாருக்கும் இலவச மருத்துவம், எல்லாரும் படித்தவர்கள். அங்கேயும், இறந்தவர்களில் கணக்குக் கிடைத்தவர்களுள் 39 விழுக்காட்டினருக்கு ஒரே ஆண்டில், மூச்சை உடனடியாக விரிக்க மட்டுமே உதவும் நீலப் பஃப் டப்பாக்கள் 12க்கும் மேல் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தன. நோயைக் கட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு இன்ஹேலரோ பெரும்பாலானவர்களுக்குத் தேவையான அளவுக்குப் போய்ச் சேரவில்லை. எழுதிக்கொடுத்தது மருத்துவர்கள். லண்டனில் நடந்தால் அது மருத்துவ அமைப்பின் தோல்வி, நம் தளவாய்புரத்தில் நடந்தால் அது மக்களின் அறியாமையா?

அடுத்து, எல்லாரும் முன்வைக்கும் பெரிய சான்று: 'பஃப் பழகிவிடும்' என்ற பயம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள், அந்தப் பயம் எங்கிருந்து பிறந்தது என்று ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும். இன்ஹேலர்களில் இரண்டு வகை உண்டு. சால்பூட்டமால் அடங்கிய நீலப் பஃப், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். குழாயின் உள்சுவரில் இருக்கும் அழற்சியை அது தொடுவதில்லை. அதைத் தணிப்பது புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். நீலப் பஃப்பை மட்டும் பல ஆண்டுகளாகக் கொடுத்து அனுப்பினோம். உள்ளே அழற்சி வளர்ந்தது. இரண்டு இழுப்பில் அடங்கியது நான்கு கேட்டது, நான்கு ஆறாயிற்று. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேர்ந்த இதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் 'இது பழகிவிடுகிறது' என்றார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. அதற்குக் கண்டுபிடித்த காரணம் மட்டுமே தவறு.

மருத்துவ வரலாறும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. 1960களில் பிரிட்டனில் மூச்சுக்குழாயை விரிக்கும், வீரியம் மிகுந்த ஐசோப்ரினலின் இன்ஹேலர்கள் பரவியபோது ஆஸ்துமாச் சாவுகள் திடீரென உயர்ந்தன. 1970களின் பிற்பகுதியில் அதே வகையைச் சேர்ந்த ஃபெனோடெரால் இன்ஹேலரோடு நியூசிலாந்திலும் அதே நிலை. சேமி சுவீசாவும் அவரது குழுவினரும் 2000இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் பதிவுகளைக் கொண்டு ஒன்றை நிறுவினார்கள்: முந்தைய ஓராண்டில் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு ஸ்டீராய்டு டப்பாவுக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைந்தது. ஆகவே, மூச்சை விரிக்கும் மருந்தைத் தனியாக நம்பக்கூடாது என்று சனங்கள் பட்ட பயத்துக்கு ஆதாரம் இருந்தது. அந்தப் பயத்தை மதித்து, 'நீங்கள் பயப்படுவது சரி, அதனால்தான் இந்த இரண்டாவது மருந்து' என்று சொல்லியிருந்தால் அதுவே பாடமாகியிருக்கும். சிரித்து ஒதுக்கினோம். இரண்டு பஃப்பையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார்கள்.

'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டாலே மிரள்கிறார்கள் என்ற குறையும் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைப் பெயர் சொல்லாமல் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தது யார்? முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு மிரளாமல் என்ன செய்வார்கள்? ஒரு எளிய கணக்கை அவர்களிடம் சொல்லலாம். ஒரு சால்பூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். ஒரு பஃப் 0.1 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது பஃப். மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியில் நுரையீரலுக்குப் போகிறது. பஃப் நேராகப் போகிறது. ஸ்டீராய்டுக்கும் இதே நியாயம்தான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. இல்லாத நேரத்துக்கு நோயாளியின் அறிவைக் குறை சொல்வது நியாயமில்லை.

கட்டுப்படுத்தும் மருந்தின் இயல்பையும் பார்க்க வேண்டும். அதை இழுத்த மறுகணம் எதுவும் தெரியாது. பலன் தெரிய நாட்களாகும், சில வேளை வாரங்களாகும். நிறுத்தினாலும் மறுநாளே மூச்சு அடைக்காது. உடம்பு சொல்கிற பாடம் இதுதான்: இழுத்தாலும் ஒன்றுமில்லை, விட்டாலும் ஒன்றுமில்லை. "வீசிங் நின்னுருச்சு, இன்னும் எதுக்கு சார்?" என்று கேட்பது மிக நியாயமான கேள்வி. மார்கழிப் பனியில் மூச்சு அடைக்கும்போதுதான் மாதங்களுக்கு முன் நிறுத்தியதன் விலை தெரிகிறது. அப்போது கிளினிக்கில் ஊசி போட்டு, நெபுலைசர் வைத்துவிட்டால் அரை மணியில் எழுந்து நடந்துவிடலாம். எந்த மருந்து வேலை செய்கிறது என்று அந்த மனிதர் எப்படி முடிவு செய்வார்?

மருந்தை இழுக்கும் முறையும் இதே கதைதான். டப்பாவைக் குலுக்க வேண்டும், மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும், உதட்டை இறுக மூடி மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், பத்து விநாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடலாம். கொப்பளிக்காதவருக்கு வாயில் வெண்படலம் படரலாம், குரல் கட்டலாம். 'பஃப் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அவர் நிறுத்திவிடுவார். 1975 முதல் 2014 வரை உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியாக இழுத்தவர்கள் 31 விழுக்காடு மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் இது முன்னேறவே இல்லை. இன்னொரு தொகுப்பு 2018இல் வந்தது. அது சோதித்தது மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்களை. பிழையில்லாமல் செய்துகாட்டியவர்கள் 15.5 விழுக்காடு. கற்றுத்தர வேண்டியவர்களில் ஆறில் ஒருவருக்குக்கூட முழுமையாகத் தெரியாத வித்தையைக் கடைக் கவுண்டரில் அட்டைப்பெட்டியாக வாங்கிப் போகிறவர் எப்படிக் கற்பார்? எண்ணிக்கை காட்டாத டப்பாவில் மருந்து தீர்ந்த பிறகும் வாயு சீறிக்கொண்டிருக்கும். மருந்தே இல்லாத டப்பாவை இழுத்துவிட்டு 'இது கேட்கவில்லை' என்கிறவரிடம் அறியாமையைக் கண்டால், அந்த அறியாமையை உண்டாக்கியது நாம்.

இனிப் பணம். மூச்சை விரிக்கும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த கூட்டு இன்ஹேலர் சில நூறு ரூபாய். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று இழுத்தால் 120 இழுப்புள்ள டப்பா சரியாக ஒரு மாதம் வரும். மாத்திரையை ஐந்தோ பத்தோ பிரித்து வாங்கலாம். பஃப் டப்பாவைப் பிரித்து வாங்க முடியாது. கூலி வாரக் கடைசியில் வருகிற வீட்டில் இந்த வேறுபாடு பெரியது. அதனால் நாளுக்கு நான்கு இழுப்பு இரண்டாகிறது, இரண்டு 'முடியாதபோது மட்டும்' என்றாகிறது. இது கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவரின் சிக்கனம். அரசு மருத்துவமனைக்குப் போனால் காசில்லை, ஆனால் கொடுத்தது தீர்ந்ததும் மறுபடி ஒரு ஷிப்டை இழந்து வரிசையில் நிற்க வேண்டும். நுரையீரல் நிபுணரை மதுரைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால், ராஜபாளையத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் காசும் போக மருந்துக்கு என்ன மிஞ்சும்?

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் தருவது, இந்த ஊர்களின் காற்றைப் பற்றி யாரும் வாய் திறக்காததுதான். ராஜபாளையம் 1930களிலிருந்தே நூற்பாலை ஊர். பஞ்சைப் பிரித்து அடிக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போகிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில், நாடெங்கும் காயங்களைக் கட்டும் பேண்டேஜ் துணியை விசைத்தறிகளில் நெய்கிறார்கள், தறிக்கூடத்திலும் பஞ்சுத்தூசிதான். பஞ்சுத்தூசியால் பிஸினோசிஸ் என்ற நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைப் பழைய முறையில் விறகடுப்பின் முன் நின்று மணிக்கணக்காகக் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலும் விறகடுப்பு வைத்திருக்கும் பெண்களுக்கு இரண்டு இடத்திலும் புகை. எட்டு மணி நேரம் தூசியை இழுக்கிறவர் நான்கு முறை பஃப்பை இழுத்தால் எதிர்பார்த்த சுகம் எப்படிக் கிடைக்கும்? சுகம் தராத மருந்தை அவர் நிறுத்துகிறார். 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று சீட்டு எழுதும்போது கேட்டிருந்தால், மருந்து தோற்றதன் காரணம் அங்கேயே தெரிந்திருக்கும். பழி பஃப்பின் மேலும் விழாது, அவர் மேலும் விழாது.

பிறகு ஊர்ப் பார்வை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் நாலு பேர் முன்னால் பஃப்பை எடுக்க மாட்டாள். அவளுடைய அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பார். 'மூச்சுக்காரப் பொண்ணு' என்ற பேச்சு கிளம்பினால் வரன் தட்டிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம், பஃப் இழுப்பதை மறைக்க முடியாது. இந்தக் குடும்பத்துக்கு ஊரைப் பற்றி நன்றாகவே தெரிகிறது. திருந்த வேண்டியது மாப்பிள்ளை வீட்டார். நாமோ விழிப்புணர்வுத் துண்டறிக்கையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா தீருமென்று நம்பி, மிருகசீரிஷ கார்த்தி நாளில் மீன் மருந்து விழுங்க ஐதராபாத்துக்கு ரயிலேறியவர்கள் உண்டு. என்ன கலந்தது என்று தெரியாத சூரணத்தை வாங்கித் தின்று பஃப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எல்லாம் சொல்லிக்கொடுத்தும், இலவசமாகக் கொடுத்தும் எடுக்காதவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். ஆனால் சூரணக்காரரிடம் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். உட்கார வைத்துப் பேசுகிறார், நோய் எப்போது தொடங்கியது என்று கேட்கிறார், எதைச் சாப்பிடலாம் கூடாது என்று விவரமாகச் சொல்கிறார். மருத்துவமனையில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கிறது. அந்த மரியாதையை நாம் கொடுக்காதவரை அந்தப் பக்கம் கூட்டம் குறையாது.

மருத்துவ உலகமே இப்போது தன் பழைய பிடிவாதத்தைத் தளர்த்தியிருக்கிறது. மூச்சு முட்டும்போது மட்டும் பஃப்பைத் தேடுவது மனித இயல்பு. அந்த இயல்போடு மோதுவதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் எடுக்கும் பஃப்பிலேயே ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று ஆராய்ந்தார்கள். 2018இல் வெளியான சிக்மா ஆய்வுகளில், லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் புடெசோனைடும், மூச்சை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தார்கள். தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நிகராகக் கடுமையான தாக்குதல்கள் தடுக்கப்பட்டன, செலவான ஸ்டீராய்டோ கால் பங்களவுதான். 2019இல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, நீலப் பஃப்பை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழைய முறையைக் கைவிட்டது. நோயாளியின் நடைக்கு மருந்து வளைந்து கொடுத்தது. இந்தக் கூட்டு மருந்து நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. 2025ஆம் ஆண்டு உலக ஆஸ்துமா நாளுக்கு ஜினா வைத்த முழக்கமே, இழுக்கும் மருந்துகளை எல்லாருக்கும் எட்டச் செய்யுங்கள் என்பதுதான்.

ஃபின்லாந்து இதை முன்பே செய்து காட்டியது. 1994இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் மருத்துவர்களோடு செவிலியர்களையும் மருந்துக்கடைகளையும் சேர்த்தார்கள். கடைகளில் ஆஸ்துமாவுக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரை நியமித்தார்கள். ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைப் படுக்கையில் கழிந்த நாட்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. அவர்கள் மாற்றியது மருந்து மக்களிடம் போய்ச் சேரும் வழியை.

நம் வட்டாரத்திலும் இது முடியும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் இரண்டு ஊர்களின் மருந்துக்கடைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் நின்று, பஃப் வாங்குகிற ஒவ்வொருவரையும் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லலாம், தவறினால் திருத்தலாம். பஃப்போடு பொருத்தி மருந்தை எளிதாக இழுக்க உதவும் ஸ்பேசரை வாங்க முடியாதவருக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்துகொடுக்கலாம். ஆஸ்துமா தாக்கிய குழந்தைகளுக்குக் கடைச் சரக்குக்கு இணையாக அது பயன்பட்டதைக் கேப் டவுன் மருத்துவர்கள் 1999இலேயே காட்டிவிட்டார்கள். வீடு தேடி வரும் மாத்திரைகளோடு கூட்டு இன்ஹேலரும் மாதந்தோறும் வரவேண்டும். ஆலைகளில் தூசியை அளந்து அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஈஎஸ்ஐ மருந்தகத்தில் மூச்சுக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டுப் பதிய வேண்டும்.

இவை நடக்கும்வரை மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'நோயாளி மருந்தை நிறுத்திவிட்டார்' என்று சீட்டில் எழுதுவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இரண்டு மருந்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்குச் சொல்லப்பட்டதா? இழுக்கும் முறையை யாராவது செய்து காட்டினார்களா, அவரைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்களா? அடுத்த டப்பா வாங்க அவரிடம் பணமோ, கிடைக்கும் இடமோ இருந்ததா? வேலையிடத்துத் தூசிக்கு ஏதாவது செய்தோமா? அவருடைய பயத்தை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டோமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்று விடை வந்த பிறகும் ஒருவர் பஃப்பை விட்டால், அப்போது அவருடைய அறியாமையைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்தச் சொல்லைச் சொல்ல நமக்கு உரிமையில்லை.